தாசில்தாருக்கு உடம்பு சரியில்லை

— பையைத் தொறக்காத தங்கச்சி. மொதல்ல உள்ள இன்னா கீதுன்னு சொல்லு. போன வாரம் ஒருத்தன் கோழின்னு சொல்லி உடும்பை எடுத்து வுட்டுட்டான். இந்த யாக்கோபு மேசை மேல ஏறி நின்னேன்.

— இது கடிக்காதுண்ணே. எங்க தாசில்தாரு.

— இன்னாது?

— கீரிப்புள்ளைங்க, கம்பவுண்டரண்ணே. என் வொய்ஃப்புதான் பேரு வெச்சா. நல்லா இருந்தப்போ தெனம் காலையில தெருவுல கீற அத்தினி வூட்டுக்கும் போவும். வாசப்படியில ரெண்டு காலுல நின்னு எட்டிப் பாத்துட்டு, ஒண்ணும் சொல்லாம அடுத்த வூட்டுக்குப் போயிடும். வேற இன்னா பேரு வெக்கிறது?

— நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. அண்ணே, டாக்டரு இல்லியா?

— டாக்டரு மணிமங்கலத்துல மாட்டுக்கெல்லாம் கோமாரி ஊசி போடப் போயிட்டாரு. சாயங்காலம் ஆவும். அதுவரைக்கும் இந்த மாட்டாஸ்பத்திரிக்கு நான்தான் எல்லாம். எங்கேர்ந்து வரீங்க?

— சேரப்பணஞ்சேரிண்ணே. பஸ்ல வர்றதுக்குள்ள உசுரு போயிடுச்சு. மே மாசம் குண்டு வெடிச்சதுலேர்ந்து பெரும்புதூர் ஸ்டாண்டுல எந்தப் பை நெளிஞ்சாலும் தொறந்து காட்டச் சொல்றாங்களே. போலீசுக்காரரு எட்டிப் பாத்தாரு, இதுவும் எட்டிப் பாத்துச்சு. போம்மா போன்னுட்டாரு.

— பேரைச் சொல்லு, நோட்டுல எழுதணும்.

— சாரதா. இவரு சுப்பிரமணி.

— பிஸ்டன் கம்பெனியில மெஷின் ஓட்டறேண்ணே. இப்போதைக்கு டெம்ப்ரவரி. நாளைக்குக் காலையில ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டுக்கு நோட்டீஸ் போர்டுல பர்மனெண்ட் லிஸ்ட்டு ஒட்டறாங்க.

— சந்தோசம். அதுக்கு நோட்டுல எடம் கெடையாது. பசு, எருமை, ஆடு, கோழி, நாய்... கீரிக்குக் கட்டமே இல்லியே. சரி, இதரன்னு போட்டுக்கறேன்.

— இதரவா? எங்க தாசில்தாரையா?

— கோச்சுக்காத தங்கச்சி. பன்னியும் இதரதான், பூனையும் இதரதான். அதை எடுத்து மேசை மேல வை. எத்தினி நாளா ஒடம்பு சரியில்ல?

— பத்து நாளா சொரத்தே இல்லண்ணே. முன்னாடி இவரு ஷிஃப்ட்டுக்குக் கெளம்பறப்போ செருப்புல ஒண்ணைத் தூக்கிக்கினு ஓடும். இவரு ஒத்தைச் செருப்போட தெருவெல்லாம் தொரத்துவாரு. இப்போ அடுப்பாண்ட சுருண்டுகினு கெடக்குது. வாலைப் பாருங்க, மசுரெல்லாம் கொட்டிப் போச்சு.

— நடக்குதா?

— பின்னங்காலு ரெண்டும் இழுக்குது. நேத்து வாசப்படி ஏறப் பாத்துச்சு. முடியல. என் மூஞ்சியைப் பாத்துகினே அப்பிடியே ஒக்காந்துடுச்சு. நான்தான் தூக்கி உள்ள வுட்டேண்ணே.

— ராத்திரியெல்லாம் ஒரே அழுகை. நான் ஓவர்டைம் முடிச்சு வந்து இவளைத் தேத்தறதா, அதைத் தேத்தறதா?

— அழாத, அழாத. தலையை நீ புடிச்சுக்கோ, நான் வாயைத் தொறக்கறேன். கர்த்தரே, இன்னா பல்லு! ம்... ஈறைப் பாரு, வெளுத்துக் கெடக்குது. நல்லா கீற ஜீவனுக்கு ஈறு செவந்து இருக்கணும். இப்போ முதுகுத் தோலைக் கிள்ளி வுடறேன், பாத்துக்கோ. வுட்டதும் படக்குனு படியணும். இது எவ்ளோ மெதுவா எறங்குது பாத்தியா? ஒடம்புல தண்ணி இல்ல. வெளிய எப்பிடிப் போவுது?

— பச்சையா, கூழாட்டம்.

— கண்ணுல பீளை, மூக்குல சளி, வாந்தி?

— அதெல்லாம் இல்லண்ணே.

— வாயில நுரை கட்டிச்சா? யாரையாச்சும் கடிக்க வந்துச்சா?

— ஐயய்யோ, இல்லவே இல்ல.

— ஒடம்பும் சுடல. அப்போ நோவு தானா வரல, நீங்க கூப்பிட்டு வந்துகீது. இன்னா துண்ணுது?

— எங்களுக்கு இன்னாவோ அதான் அதுக்கும். காலையில ஒரு டம்ளர் பாலு. மத்தியானம் பருப்பு சாதம் நெய் வுட்டு. நைட்டுக்குத் தயிர் சாதம். சனிக்கெழமை பெருமாளுக்குத் தளிகை போடறப்போ சக்கரைப் பொங்கல், சுண்டல், வடை.

— வடையா?

— ரெண்டு வடைண்ணே. மொத சனிக்கெழமை வாங்கினதும் ஓட்டையில மூஞ்சியை வுட்டுக்கிச்சு. மாலை போட்டுக்கினு மந்திரியாட்டம் நின்ன எடத்துலயே சுத்திச்சு.

— நீ சிரிப்பே சுப்பிரமணி, அது வயிறு சிரிக்காது. முட்டை? மீனு? கோழிக் கழுத்து? எதுனாச்சும் குடுக்கறீங்களா?

— அண்ணே! புரட்டாசிண்ணே!

— உனக்குப் புரட்டாசி. அதுக்கு?

— இந்த வூட்ல எத்தினி வாய் கீதோ, அத்தினி வாயிலயும் மாசம் முழுக்கக் கவுச்சி படாதுன்னு பெருமாள்கிட்ட வேண்டிக்கினேன். அதுவும் எங்க வூட்டு வாய்தானே?

— சரி, வூட்ல குடுக்கல. அதுவா எலி, ஓணான் புடிச்சித் துண்ணிருக்குமே?

— அதுக்குத்தான் மாசம் பொறந்த அன்னைக்கே கயித்துல கட்டிட்டேன்.

— கட்டிட்டியா! எனக்குத் தெரிஞ்சு இந்தத் தாலுக்காவுல புரட்டாசி வெரதம் இருக்கிற ஒரே கீரி இதுதான். ரேஷன் கார்டுல இதும் பேரு கீதா?

— இல்ல.

— அப்போ வூட்டு ஆளு இல்ல. முட்டையைக் குடு.

— கார்டுல என் நாத்தனா பேருகூடத்தான் கீதுண்ணே. அது கட்டிக்கினு போயி மூணு வருசம் ஆவுது. அதுக்காக அது எங்க வூட்டு வாயா? கார்டைப் பாத்தா பெருமாள் முடிவு பண்ணுவாரு?

— இவகிட்ட பேசி ஜெயிக்க முடியாதுண்ணே. எங்க சூப்பர்வைசரே தோத்துட்டாரு. நான் இன்னா பாடு படறேன் தெரியுமா? கேன்டீன்ல பக்கத்துல சாம்சன் ஒக்காந்து முட்டை பிரியாணி துண்றான், அதும் வாசனையைத் தொட்டுக்கினு நான் தயிர் சாதம் துண்றேன். இருபது நாளு!

— இவ்ளோ பெரிய வேண்டுதலு எதுக்குய்யா?

— கேட்டா சொல்ல மாட்டா. வெளிய சொன்னா பலிக்காதாம். நமக்குத் தெரியாதா? வேற எதுக்கு, என் பர்மனெண்டுக்குத்தான். அதான் நானும் வாயைக் கட்டிக்கினு கீறேன்.

— நீங்க பேசாம இருங்க. அண்ணே, டானிக் எதுனாச்சும் எழுதிக் குடுங்க. சத்து ஊசி இருந்தா போடுங்க.

— ஊசி போடலாம், மனசு கேக்கலியே. நல்லா கேட்டுக்கோ. மாட்டுக்கு வயித்துல நாலு அறை கீது. புல்லை உள்ள தள்ளி, மறுபடி வாய்க்கு இஸ்து, மென்னு, அரைச்சுச் சத்தை எடுத்துக்கும். இதுக்குக் குடலு இத்துணூண்டு. சோறு உள்ள போன வேகத்துலயே வெளிய வந்துடும், ஒண்ணும் ஒட்டாது. பாலு பேதியாக்கும். நீ ஊட்ட ஊட்ட அது பட்டினி கெடக்குது தங்கச்சி.

— வயிறு நெறையத்தானே குடுத்தேன்...

— வயிறு நெறைஞ்சுது, ஒடம்பு காஞ்சு போச்சு. இதுக்குக் கறிதான் சோறு. ஒரு முட்டை, சின்ன மீனு, கோழிக் கழுத்து, கொஞ்சம் ஈரலு. உப்பு, காரம் கூடாது. வேகவெச்ச எலும்பு கூடவே கூடாது, தொண்டையில குத்தும். ஒரேடியா கொட்டாம நாளைக்கு நாலஞ்சு வாட்டி கொஞ்சம் கொஞ்சமா. கிண்ணத்துல எப்பவும் தண்ணி. கயித்தை அவுத்து வுடு. ஒரு வாரத்துல மறுபடி செருப்பு காணாமப் போவும்.

— புரட்டாசி முடிய இன்னும் பத்து நாளுதாண்ணே. தாங்காதா?

— காலு வுழுந்துடுச்சு, ஈறு வெளுத்துடுச்சு. பொய் சொல்ல எனக்கு வாய் வரல. பத்து நாளு தாங்காது.

— அண்ணே...

— ஒண்ணு பண்ணு. பத்து நாளைக்கு எங்க வூட்ல வுட்டுட்டுப் போ. எங்களுக்குப் புரட்டாசி கெடையாது. வாரத்துல நாலு நாளு மீனுதான்.

— சூப்பருண்ணே! ஆனா ஞாயித்துக்கெழமை சர்ச்சுக்கு மட்டும் கூட்டிக்கினு போயிடாதீங்க. அங்கயும் ஒவ்வொரு பெஞ்சா எட்டிப் பாக்கும்.

— எங்க வெச்சாலும் அது எங்க வூட்டு வாய்தானேண்ணே. எடத்தை மாத்தினா பெருமாளுக்குக் கண்ணு தெரியாதா? குடுத்த வாக்கைத் தாண்டினா, எதைக் கேட்டு வேண்டிக்கினேனோ அதுவே கையை வுட்டுப் போயிட்டா நான் இன்னா பண்ணுவேன்?

— பாத்தீங்களாண்ணே, எனக்காக எவ்ளோ பயப்படறா! சாரதா, நீ கண்ணைத் தொடை. தாசில்தாரு நம்ம ஆளு, பல்லைக் கடிச்சிக்கினு இருந்துக்கும்.

— அண்ணே! அண்ணே, தலையைத் தூக்குது!

— அட, ஆமா.

— மூக்கு துடிக்குது பாருங்க. பத்து நாளா இப்பிடிப் பாக்கவே இல்லண்ணே. எங்க போற கண்ணு? அந்த அலமாரியில இன்னா கீதுண்ணே?

— என் டிபன் கேரியரு. கீழ சோறு, மேல அவிச்ச முட்டை ஒண்ணு. மூடி போட்டுத்தான் கீது, கில்லாடிக்கு வாசனை புடிச்சிடுச்சு! இரு, உரிச்சுடறேன். உப்புகூடப் போடல, அதுக்குன்னே செஞ்சாப்புல கீது.

— அண்ணே, வேணாம். உள்ள வைங்க. நாளைக்கு லிஸ்ட்டுண்ணே! இருபது நாளு இருந்தாச்சு, ஒரு முட்டையில எல்லாம் ரிஜெக்ட் ஆயிடும்.

— இந்தா, மேசை மேல வெச்சுட்டேன். நானா குடுக்க மாட்டேன், தடுக்கவும் மாட்டேன். வேண்டிக்கினது நீ, வளக்கறதும் நீ. நீயே சொல்லு தங்கச்சி.

— அதுவா எடுக்கப் போவுது, புடி சாரதா!

— எடுக்கல. பாருங்க, முட்டையாண்ட போயி நின்னுகினு என் மூஞ்சியைப் பாக்குது. நான் குடுக்காம எதையும் தொட்டதில்லண்ணே.

— ஜீவனுக்கு எவ்ளோ நம்பிக்கை பாரு.

— பெருமாளே, தப்புன்னா என் தலையில போடு, இதும் தலையில போடாத. இந்தா கண்ணு. துண்ணு.

— சாரதா!

— மெதுவா, மெதுவா... ஐயோ, இன்னாண்ணே பண்ணுது? முன்னங்காலால புடிச்சிக்கினு திரும்பி நிக்குது?

— ஓரமா போ சுப்பிரமணி! முட்டையைப் பாத்தா பின்னங்காலு நடுவுல வுட்டுச் செவுத்துல அடிச்சி ஒடைக்கும், அதும் பொறவிக் கொணம்! உரிச்ச முட்டைன்னு அதுக்குத் தெரியாது!

— ஆங்! என் சட்டை!

— அப்பா, இன்னா வேகம்! காலு இழுக்குதுன்னியே தங்கச்சி?

— துண்ணுதுண்ணே! இவரு சட்டையில கீறதையும் நக்குது! இன்னும், இன்னும் துண்ணு என் ராசா. மீசையெல்லாம் மஞ்சக் கருவு. பாருங்க, எப்பிடி மூச்சு வுடாம துண்ணுதுன்னு!

— எனக்கே பசியெடுக்குது. போவட்டும், இன்னைக்கு நான் வெறுஞ்சோறு. நோட்டுலயும் எழுதிக்கினேன்: இதர ஒண்ணு, மருந்து முட்டை ஒண்ணு.

— நீங்க சிரிங்கண்ணே, ரெண்டு பேரும் நல்லா சிரிங்க. எம் பொழப்பு போச்சு. மாசத்துல பாதி நைட் ஷிஃப்ட்டு, ஒரு நாளு லீவு இல்ல, இருபது நாளு தயிர் சாதம். நாளைக்கு லிஸ்ட்டுல எம்பேரு இல்லாமப் போனா அந்த வேண்டுதலை ஒடைச்சது நீதான் சாரதா, ஞாபகம் வெச்சுக்கோ!

— லிஸ்ட்டுல உங்க பேரு வரும், நீங்க ஒழைச்ச ஒழைப்புக்கு அது வராம எங்க போவும்? அதுக்குப் போயி பெருமாளை எதுக்கு நான் தொந்தரவு பண்ணணும்? ஆடி மாசம் நல்லபாம்பு கொத்தி மூணு நாளு கண்ணு தொறக்காம என் மடியில கெடந்துச்சே, அப்போ இது பொழைச்சு எழுந்தா போதும்னுதானே வேண்டிக்கினேன்!