களக்காட்டுச் சம்பந்தி அனுப்பிய மாலை

மல்லிகையை நம்பி வெயிலில் இறங்கக் கூடாது, ஐயா. சம்பங்கிதான் தாங்கும். ஈரத்துணியைச் சுற்றிவிட்டால் சாயங்காலம் வரைக்கும் முகம் சுளிக்காது. நீங்கள் போலீஸ் இன்ஸ்பெக்டர். இதெல்லாம் தெரிந்திருக்க நியாயமில்லை. உங்கள் இருமல் நின்ற பிறகு எழுதிக்கொள்ளுங்கள், நான் பையச் சொல்கிறேன்.

காலேஜில் எஃப்.ஏ. பரீட்சை என்னை மறுபடியும் கைவிட்ட பிறகு, பாளையங்கோட்டையில் பூக்கடை வைத்தேன். வாசலில் பலகை: 'இன்று சொன்னால் இன்றே சேரும்.' வெளியூர்க்காரர் ஒரு தந்தி கொடுத்தால் போதும்; அவர் பெயரால் மாலை கட்டி, ஜட்கா வண்டி ஏறி, நானே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவேன். கல்யாணம் என்றால் ஜனங்கள் நேரிலேயே வந்துவிடுகிறார்கள், சாப்பாடு இருக்கிறது. சாவுக்குத்தான் மாலை அனுப்பினால் போதும் என்று தோன்றுகிறது.

அன்று தந்தி கொடுத்தவர் களக்காட்டு ஐயம்பெருமாள் பிள்ளை. டவுனில் இருக்கிற அவருடைய சம்பந்தி அம்பலவாண பிள்ளை மத்தியானம் தாண்டமாட்டார் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். போன வருஷம் அதே வீட்டில் ஒரு சாவு. களக்காட்டு மாலை, பாடை தெருமுனை திரும்பிய பிறகு வந்தது. "களக்காட்டுப் பூ கருமாதிக்கு வந்துரும்" என்று அந்த வீட்டில் இன்னும் சிரிக்கிறார்களாம். இந்தத் தடவை மனிதர் முந்திக்கொண்டார். அவர் மானம் என் கையில் இருந்தது.

மாலையோடு உள்ளே போனால், அம்பலவாண பிள்ளைப் பாட்டையா கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். சாகிறவர் வாயில் பால் ஊற்றுகிற வழக்கப்படி உறவெல்லாம் வரிசையாக ஊற்றியாகிவிட்டது. அத்தனையும் குடித்துவிட்டு, "சீனி பத்தல" என்றாராம். தெம்பு வந்துவிட்டது. சங்கு ஊதுகிறவன் வாசலில் சும்மா வெற்றிலை மென்றுகொண்டிருந்தான். கூட்டத்தின் முகத்தில் வருத்தம் இருந்தது; வந்த காரியம் நடக்காத வருத்தம்.

"யாருக்குலே மாலை?"

"உங்களுக்குத்தான் பாட்டையா. களக்காட்டுச் சம்பந்தி அனுப்பியிருக்காங்க."

"அந்த மனுசனுக்கு என்னலே அவசரம்? பூ நல்லாத்தான் இருக்கு. எனக்கு இன்னும் இட்லி வரல. நாளைக்கு வா, பாப்போம்."

நாளைக்காம். என் பலகையை அவர் படித்ததில்லை.

சாவு மாலை ஒரு வாசலுக்குள் போனால் அப்படியே வெளியே வரக் கூடாது என்பார்கள். வந்தால் பக்கத்து வீட்டுக்கு ஆகாதாம். நான் படித்தவன்தான், ஆனாலும் ஊர் நம்பிக்கையை மிதித்துக்கொண்டு வியாபாரம் செய்ய முடியுமா? பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருந்தது. அதையும் யோசித்தேன்.

மருமகள் கோமு இட்லி எடுக்க அடுக்களைக்குப் போனாள். கூட்டமும் பின்னாலேயே போனது; பசி. செம்பில் பால் மீதி இருந்தது. நான் இன்னும் ஊற்றவில்லையே என்று நினைவு வந்தது. அவரைப் படுக்கவைத்து ஊற்றினேன். நிதானமாக, செம்பு காலியாகிற வரைக்கும். பிள்ளைகளுக்கு மருந்து புகட்டுகிற மாதிரி மூக்கைப் பிடித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அவர் இட்லி கேட்கவில்லை.

கோமு தட்டோடு வந்து நின்றாள். என் கை இன்னும் அவர் மூக்கில்தான் இருந்தது. "பால் ஊத்துனே, சரி. மூக்க எதுக்குத் தம்பி பிடிச்சே?"

வேறு யாருக்கும் அந்தக் கேள்வி தோன்றவில்லை, அழ ஆரம்பித்துவிட்டார்கள். சங்குக்காரன் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்தான். மாலையைக் கழுத்தில் போட்டேன். ஓர் இதழ்கூட வாடவில்லை. "இந்தத் தடவை களக்காட்டாருதான் முதல்ல" என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. தொழில் செய்கிறவனுக்கு வேறென்ன வேண்டும்?

கொலை என்று எழுதுகிறீர்கள். எழுதுங்கள், நான்தான் செய்தேன், கையெழுத்தும் போடுகிறேன். ஆனால் அவர்மேல் எனக்கு விரோதம் கிடையாது. சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன், அவ்வளவுதான். இனி ஒரு பூவையும் தொடமாட்டேன் என்று வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என்ன ஐயா, இருமல் நிற்கவே இல்லையே. நெஞ்சை வேறு பிடித்துக்கொள்கிறீர்கள். உங்களுக்கு வெளியூரில் சம்பந்தி வீடு உண்டா? சும்மாதான் கேட்டேன். அந்தப் பெஞ்சில் கொஞ்சம் சாய்ந்துகொள்ளுங்கள். ஒரு வாய் பால் தரட்டுமா?