முப்பத்தாறு எம்.பி.

நாகரிகங்கள் போரால் அழிவதில்லை, இடம் போதாமல்தான் அழிகின்றன. எங்கள் நில அளவை அலுவலகத்தின் மின்னஞ்சல் சர்வரில் வட்டு தொண்ணூற்றிரண்டு சதவீதம் நிரம்பியிருந்தது. அதைக் காக்கும் பொறுப்பு என்னுடையது.

விசாரணைக் குழு கேட்டதால் சொல்கிறேன். சர்வரை இயக்கும் யூனிக்ஸ் கருணை உள்ள அமைப்பு. ஒருவரின் அஞ்சல் பெட்டி அதன் கோட்டாவான ஐந்நூறு எம்.பி.யைத் தாண்டினால் ஏழு நாள் அவகாசம் தரும். அதற்குள் குறைக்காவிட்டால் பெட்டி பூட்டிக்கொள்ளும். வருகிற கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிப் போகும், நகல் எனக்கு வரும். பெட்டி தொண்ணூறு சதவீதம் நிரம்பியதிலிருந்தே எச்சரிக்கைக் கடிதம் அனுப்புவது என் வழக்கம். நான் யாரையும் முன்னறிவிப்பின்றித் தண்டித்ததில்லை.

வரைபடப் பிரிவில் இருந்த அந்தப் பெண்ணுக்கு மட்டும் ஆறு எச்சரிக்கைகள் அனுப்பினேன். ஒரு நாள் தேநீர் இடைவேளையில் எல்லோர் முன்னாலும் கேட்டாள்: "ஏண்ணே, உங்க வீட்ல சாப்பாட்டுக்கும் கோட்டாதானா? அண்ணி பாவம்ணே." சிரித்தார்கள். அன்றிலிருந்து எனக்குக் கோட்டா அண்ணன் என்றே பெயர். நானும் சிரித்தேன். நடந்ததற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அவகாசம் முடிந்த அன்று காலையில் என் மேசைக்கு வந்தாள்.

"அண்ணே, ஒரே ஒரு வாரத்துக்குக் கொஞ்சம் ஏத்தி விடுங்கண்ணே. தம்பிக்குக் கல்லீரல் கிடைக்கிற மாதிரி இருக்கு. ஆஸ்பத்திரியிலேர்ந்து எப்ப வேணா மெயில் வரலாம்."

"வேண்டாததை அழிச்சா இடம் தன்னால வரும்மா."

"எதை அழிக்க? எல்லாம் அளவைப் படம். நிர்வாகி கையெழுத்து இல்லாம தொட்டா வேலை போயிடும்."

"அப்ப கையெழுத்து வாங்கிட்டு வா."

"அவரு லீவுல இருக்காருண்ணே. திங்கக்கிழமைதான் வருவாரு."

"திங்கக்கிழமை வாங்கிக்கோ."

பிறகு, "உங்க தம்பியா இருந்தா?" என்று கேட்டாள். எனக்குத் தம்பி இல்லை என்று சொன்னேன். உண்மையும் அதுதான்.

மறுநாள் காலை பதினொரு மணி பன்னிரண்டு நிமிடத்துக்குத் திரும்பிய கடிதத்தின் நகல் எனக்கு வந்தது. பிறர் கடிதத்தைப் படிப்பது என் வழக்கமில்லை. தலைப்பு மட்டும் கண்ணில் பட்டது. தலைப்பைப் புரிந்துகொள்ள உள்ளேயும் படிக்க வேண்டியிருந்தது. உறுப்பு கிடைத்திருக்கிறது, மதியம் ஒரு மணிக்குள் சம்மதம் சொல்லாவிட்டால் பட்டியலில் அடுத்தவருக்குப் போகும் என்று எழுதியிருந்தார்கள். போனிலும் கூப்பிட்டிருக்கிறார்கள். வரைபட அறைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. எல்லாம் வாசலில் ஒரு பெட்டியில் கிடக்கும். அந்த விதியை நான் போடவில்லை.

வரைபட அறை என் மேசையிலிருந்து பன்னிரண்டு அடி. கதவில் கண்ணாடி உண்டு. உருப்பெருக்கியை வைத்துக்கொண்டு ஏதோ எல்லைக் கோட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

வரம்பை உயர்த்த ஒரு வரிக் கட்டளை போதும். எழுந்து போய்ச் சொல்ல அதுவும் வேண்டாம். ஆனால் ஒருவருக்குத் தளர்த்தினால் நாளைக்கு ஒவ்வொருவரும் ஒரு தம்பியோடு வருவார்கள். கடமை தவறக் கூடாது என்று ஏழாவது எச்சரிக்கையை அனுப்பினேன். பெட்டி நிரம்பியதால் அது எனக்கே திரும்பி வந்தது. ஒரு மணி அடிக்கும்வரை கண்ணாடி வழியாக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு சாப்பிடப் போனேன்.

அவள் தம்பி அடுத்த மாதம் பதினாறாம் தேதி இறந்தான். வருந்துகிறேன். விதி என்னுடையது, நோய் என்னுடையதல்ல.

குழு கேட்ட கணக்கையும் எடுத்துவிட்டேன். என் எச்சரிக்கை ஒவ்வொன்றோடும் பதினெட்டுப் பக்க விதித்தொகுப்பை ஸ்கேன் செய்து இணைப்பேன். ஒவ்வொரு எச்சரிக்கையும் ஆறு எம்.பி. எச்சரிக்கைகளை அழிக்கக் கூடாது என்பது அதில் பத்தாம் பக்கம். அவள் அழிக்கவில்லை.

அவளுடைய பெட்டி வரம்பைத் தாண்டியிருந்தது முப்பத்தொரு எம்.பி. அதில் என் கடிதங்கள் முப்பத்தாறு எம்.பி.