அடைக்காமல் விட்ட ஓட்டை

தேநீருக்கு நன்றி, நைரி. போலீஸ் நிலையத் தேநீர் என்றாலும் பால் அளவாக ஊற்றியிருக்கிறீர்கள். வக்கீல் வரும்வரை பேச வேண்டாம் என்றீர்கள். பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் அலஸ்டர் ரென்னி. வெக்கா என்ற நிரல்மொழியை டனீடினில் என் வீட்டில் உட்கார்ந்துதான் எழுதினேன். சின்னக் கருவிகளுக்கான மொழி. ஹீட்டர், வாசல் கேமரா, கதவுப் பூட்டு, எல்லாவற்றுக்குள்ளும் அதுதான் ஓடுகிறது. இலவசமாகத்தான் கொடுத்தேன்.

என் மகள் கிர்ஸ்டி, அவள் அம்மா இறந்த வருடமே என்னை விட்டுப் போனாள். எங்கே இருக்கிறாள் என்று எனக்குக் காட்டும்படி அவளுடைய போனில் ஒன்றைப் போட்டுவைத்திருந்தேன். அம்மாவைப் பறிகொடுத்த பெண், கவலை இருக்காதா? கண்டுபிடித்துவிட்டாள். கத்தவில்லை. பையோடு வாசலில் நின்று சொன்னாள்: "நீங்க என்னைப் பாத்துக்கலப்பா. பாத்துக்கிட்டே இருக்கீங்க. ரெண்டும் ஒண்ணு இல்ல."

எந்த ஊருக்குப் போகிறாள் என்று சொல்லவில்லை.

அந்தக் குளிர்காலத்தில்தான் செஃபினா எழுதினாள். பொரிருவாவில் இருக்கும் சமோவாப் பெண். வெக்காவைப் பராமரிப்பதில் எனக்குத் துணை அவள் ஒருத்திதான். மொழியில் ஒரு ஓட்டை இருப்பதைக் கண்டிருந்தாள். வெளியிலிருந்து கருவிக்குப் பத்து எழுத்தை அனுப்பிவிட்டு நூறு அனுப்பினேன் என்று ஒருவன் பொய் சொன்னால், வெக்கா எண்ணிப் பார்க்காமல் நம்பி நூறு எழுத்தைத் திருப்பி அனுப்பும். மீதித் தொண்ணூறைப் பக்கத்து நினைவகத்திலிருந்து அள்ளிக் கொடுத்துவிடும். அந்த அள்ளலில் கடவுச்சொல்லும் வரும். எண்ணிப் பார்க்கும் வரிகளை எழுத மறந்தவன் நான். மூன்று வரி சேர்த்தால் போதும்.

சேர்க்கும் முன் அந்த ஓட்டை வழியாக ஒரு முறை சோதித்துப் பார்த்தேன். கருவிகளில் உரிமையாளர் பெயர் இருக்கும். இன்வர்கார்கில் ஊரில் ஒரு வாசல் கேமரா கிர்ஸ்டி ரென்னி என்ற பெயரில் இருந்தது. காய்கறிப் பையோடு நின்று சாவியைத் தேடிக்கொண்டிருந்தாள். முடியை வெட்டியிருந்தாள். நான் அழுதேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

திருத்தம் தள்ளிப்போனது. செஃபினா வாரம் தவறாமல் போன் செய்தாள். முதலில் கிண்டல்தான். "என்ன அலஸ்டர், வயசாயிடுச்சா? மூணு வரிக்கு மூணு மாசமா?" பிறகு கிண்டல் நின்றுபோனது. "ஊர்க் கதவையெல்லாம் திறந்து போட்டுட்டு உக்காந்திருக்கோம். எனக்குத் தூக்கமே வரல." நியாயமான பேச்சு. வசந்தத்தில் திருத்தத்தை வெளியிட்டேன். அவள் காட்டிய வழியை அடைத்தேன். பக்கத்தில், எனக்கு மட்டும் தெரிய, சின்னதாக ஒரு வழி விட்டேன்.

பழைய வரிகளையும் புதிய வரிகளையும் ஒப்பிட்டுப் பார்த்த யாரோ அதைக் கண்டுபிடித்து இணையத்தில் விற்றிருக்கிறார்கள். வாங்கியவர்களில் ஒருவன் அந்த ஓமரு ஊர் ஆள். அவனுக்குப் பயந்து ஒளிந்திருந்த மனைவி டோனாவின் கதவுப் பூட்டை அதை வைத்துத்தான் திறந்தான். அவள் படத்தைக் காட்டினீர்கள், பார்த்தேன். அவள் இறந்ததில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் அவனையும் என்னையும் ஒரே வாக்கியத்தில் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அவன் கெடுதல் செய்யத் தேடினான். நான் எந்தக் கதவையும் திறந்ததில்லை. பார்த்தேன், அவ்வளவுதான்.

செஃபினா என்னைப் பற்றிச் சொல்ல உங்களிடம் வந்ததில் எனக்குக் கோபம் இல்லை. அதற்கு முன் அவளே முழுத் திருத்தம் ஒன்றை எழுதினாள். சரிபார்த்து ஒப்புதல் கொடுத்தது நான். ஓர் இடம் விட்டுப்போயிருந்தது எனக்கு அன்றே தெரியும். அவளிடம் சொல்லவில்லை. இன்று காலை நீங்கள் வந்து தட்டும்வரை அந்த வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

கிர்ஸ்டிக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. என் மனைவியின் பெயரை வைத்திருக்கிறாள். எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. தொட்டிலுக்கு மேலே ஒரு கேமரா வைத்திருக்கிறாள், பொறுப்பான அம்மா. யாராவது அவளுக்குப் போன் செய்து, குழந்தை இருமுகிறது என்று சொல்லுங்கள். அவள் அசந்து தூங்கிய பிறகுதான் இருமுகிறது. என்னைத் தவிர அதைக் கேட்க அந்த வீட்டில் வேறு யாரும் இல்லை.