ரூஃப் டென்டின் ஒரு குறை

காரின் கூரைமேல் மாட்டிப் படுக்கிற ரூஃப் டென்ட் வாங்க வருகிறவர்கள் முதலில் விலையைக் கேட்கிறார்கள், சார். அது தப்பு. வண்டியின் கூரை எவ்வளவு எடை தாங்கும் என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். கடலூரில் பதினோரு வருடமாகக் கார்களுக்குக் கேரியர் மாட்டுகிறேன், எனக்குத் தெரியும்.

டோனி என் தங்கை ரீட்டாவின் புருஷன். கனடாவுக்கு விசா வந்துவிட்டது, வரும் கோடையில் இருவரும் கிளம்புவதாக இருந்தார்கள். அதற்குள் ஊர் சுற்றிவிட ஜீப்புக்கு டென்ட் தேடினான். போகப் போகிறவனுக்கு எதற்கு இவ்வளவு செலவு என்றேன்.

"போறப்ப வண்டியும் டென்டும் உங்களுக்குத்தான் மச்சான்" என்றான். தாராள மனசுதான். ரீட்டாவை எடுத்துக்கொண்டு ஜீப்பைக் கொடுக்கிறான்.

நல்லதையும் கெட்டதையும் சொன்னேன். மேலே படுத்தால் பாம்பு, பூரான், மழைத்தண்ணீர் பயம் இல்லை. ஆனால் மைலேஜ் அடிபடும். டீ குடிக்கப் போவதென்றாலும் டென்டை மடித்தாக வேண்டும். துணி டென்டில் பாதித் தளம் ஏணியை நம்பித்தான் நிற்கும். பெட்டி டென்டில் ஏணி சும்மா கொக்கியில் தொங்கும், கழற்றிவிடலாம். பெட்டியே வாங்கு என்று மூன்று நாள் விடாமல் சொன்னேன். ஏன் அவ்வளவு பிடிவாதம் என்று கேட்கிறீர்கள். கேட்க வேண்டியதுதான்.

ஒரு குறையை மட்டும் சொல்லவில்லை. மேலே படுத்திருப்பவருக்கு ஹேண்ட்பிரேக் எட்டாது.

அப்பா சாகும்போது ரீட்டாவுக்கு ஒன்பது வயது. நான்தான் வளர்த்தேன். கண்ணெதிரே இருக்கட்டும் என்றுதான் இரண்டு தெரு தள்ளிக் கட்டிக் கொடுத்தேன். அந்தக் குளிரில் இவளுக்கு மூச்சிரைப்பு வந்தால் யார் பார்ப்பார்கள்?

"எனக்கும் நாலு எடம் பாக்கணும்னு இருக்காதா அண்ணே?" என்று சிரித்தாள். அது அவளுடைய சிரிப்பே இல்லை. அவன் பழக்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் சாமியார், பெட்டி டென்ட் மாட்டிய ஜீப்புக்குத் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். மூவரும் சேத்தியாத்தோப்பு பக்கம் வெள்ளாற்றங்கரைக்குப் போனோம். ஆற்றில் புதுவெள்ளம். கரைச் சரிவில் ஜீப்பை நிறுத்திப் பின்சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்தேன். சாப்பிட்டதும் டோனி தூங்கப் போனான்.

"கல்லு நிக்குமா மச்சான்?" என்று மேலிருந்து கேட்டான்.

"அண்ணன் வெச்ச கல்லு, நீங்க தூங்குங்க" என்றாள் ரீட்டா.

அவள் ஆற்றோரம் உட்கார்ந்திருந்தாள் என்று நேற்று சொன்னேன். அது பொய். ஏணியடியில் இரண்டு ஜோடிச் செருப்புகள் இருந்தன. அவளுடையது நான் ஈஸ்டருக்கு வாங்கிக் கொடுத்தது. அதை நனையாமல் ஓரமாக எடுத்து வைத்தேன். ஏணியைக் கழற்றினேன். கற்களை உருவினேன். கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, ஹேண்ட்பிரேக்கை இறக்கினேன். கொசுவுக்காக உள்ளே ஜிப்பை இழுத்துவிட்டிருந்தார்கள். அவள் "அண்ணே" என்று இரண்டு தடவை கூப்பிட்டாள்.

இன்னும் மூன்று வாரத்தில் கல்லறைத் திருநாள். ஒரே ஒரு நாள் என்னை அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள், சார். அவளுக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்ற என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? கனடா போயிருந்தால் அதுகூட அவளுக்குக் கிடைத்திருக்காது.