ஒன்பதாவது கேள்வி

நான் எழுதப் படிக்கக் கற்றது நாற்பத்தேழு வயதில்தான், ஐயா. எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இருக்காது.

எம்.ஆர்.ஐ. அறையில் நான் உதவியாள். இதயத் தசையில் எவ்வளவு கொழுப்பு சேர்ந்திருக்கிறது என்று கத்தி, ஊசி இல்லாமல் அளக்கும் ஆராய்ச்சி அங்கே நடந்தது. காந்தத்துக்குள் படுத்தவர் மூச்சை அடக்கினால், தசையிலுள்ள தண்ணீர் ஒரு விதமாகவும் கொழுப்பு வேறு விதமாகவும் பதில் சொல்லுமாம். நோயில்லாத ஆட்கள் தேவைப்பட்டார்கள். என் மச்சானை நான்தான் அழைத்து வந்தேன்.

அவர் என் மனைவியின் அண்ணன். என் மகளை அவர் மகனுக்குத்தான் கொடுத்திருந்தேன். முன்பு நாங்கள் இருவரும் ஒரே பட்டறையில் இரும்பு தீட்டினோம். ஒருநாள் பொறி தெறித்து அவருடைய இடது கண் போனது. வலது கண்ணில் ஓர் இரும்புத் துகள் தங்கிவிட்டது. எடுத்தால் அந்தக் கண்ணும் போகும் என்று டாக்டர் விட்டுவிட்டார். அன்று அவரைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியவன் நான்.

புகுந்த வீட்டில் மகள் கைக்குப் போன் தரமாட்டார்கள். கடிதம் போடுவாள். எங்கள் வீட்டுக்கு வரும்போது மச்சான் படித்துக் காட்டுவார். "சௌக்கியமா இருக்காளாம் மாப்ளே. நீங்க வீணா அலைய வேண்டாமாம்."

மூன்று வருடம் அப்படிப் படித்தார். பிறகு அவளைப் பிணமாகத்தான் பார்த்தேன். காய்ச்சல் என்றார்கள்.

அப்புறம்தான் ஆஸ்பத்திரி வேலைக்கு வந்தேன். சுவரில் ஒட்டியிருந்த கேள்விப் படிவத்தை எழுத்துக்கூட்டியே படிக்கப் பழகினேன். படிக்க வந்ததும் கடிதங்களை எடுத்தேன். எல்லாவற்றிலும் ஒரு வரி இருந்தது. 'அப்பா, அடிக்கிறாங்க, வந்து கூட்டிட்டுப் போங்க.'

ஸ்கேன் அன்று, இரும்புச் சட்டத்தைக் காந்தம் இழுத்துவிடும் என்பதால் மச்சான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அது இல்லாமல் அவருக்கு எழுத்து தெரியாது. படிவத்தை நான் படித்தேன்.

"எனக்குக் கொழுப்பு ஜாஸ்தின்னு என் தங்கச்சியே சொல்லுவா. அதைக் கண்டுபிடிக்க இவ்ளோ பெரிய மெஷினா?" என்றார். டெக்னீஷியன் அம்மா சிரித்தார். நானும் சிரித்தேன்.

எட்டாவது கேள்வியைப் படித்தேன். பிறகு பத்தாவது. 'கண்ணில் எப்போதாவது உலோகத் துகள் பட்டதுண்டா?' என்பது ஒன்பதாவது. அதற்கு நேரே 'இல்லை' என்று நானே எழுதினேன்.

மூச்சை அடக்கச் சொல்லிக் குரல் வந்தபோதெல்லாம் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நானும் அடக்கினேன். பதினொரு முறை. ஒன்றும் ஆகவில்லை. முடிந்ததும் நான்தான் படுக்கையை வெளியே இழுத்தேன். தலை காந்தத்தின் வாயைத் தாண்டும்போது அவர் கேட்டார்.

"ஏன் மாப்ளே, லைட்டை அணைச்சுட்டாங்களா?"

எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தது.

இதயத்தில் கொழுப்பு மிகக் குறைவு என்று அறிக்கை வந்தது. அதை முழுதாகப் படித்துக் காட்டினேன். "புதுசா படிக்கிறவர், ஒரு வரி தவறிடுச்சு. அவரை ஒண்ணும் சொல்லாதீங்க" என்று எனக்காக அவர்தான் எல்லோரிடமும் பேசினார்.

இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். ஏதோ ஓர் அடிதடி வழக்கில் சிறைக்குப் போன அவர் மகன் மாதாமாதம் கடிதம் போடுகிறான். உடம்புக்கு முடியவில்லையாம், சாவதற்குள் ஒருதரம் வந்து பார்க்கச் சொல்கிறான். கடிதத்தை நான்தான் படித்துக் காட்டுகிறேன்.

மச்சானைப் போல நான் எதையும் சேர்த்துப் படிப்பதில்லை, ஐயா. ஒரு வரியை விடுகிறேன், அவ்வளவுதான்.