கொக்கியில் தொங்கும் ரொட்டி

— அண்ணே, பிரிண்ட் போடாதீங்க, கொஞ்சம் நிறுத்துங்க. நிசார், நீ வெளிய வா.

— என்னடி ஷீராஸ் இது? பாதிப் பக்கம் அடிச்சாச்சு. உல்ஃபா மேடம் பன்னெண்டு மணிக்கெல்லாம் அறையப் பூட்டிட்டுக் கிளம்பிடுவாங்க. இன்னிக்கு அறிக்கை குடுக்கலன்னா இந்த வருஷமே போச்சு நமக்கு.

— போகட்டும். இந்த ரெண்டு வரிய மட்டும் வாய்விட்டுப் படி.

— நீ எழுதின வரிதானே, அப்புறம் என்ன?

— படின்னு சொன்னேன்.

— சரி தாயே. "தூனிஸ் நகரின் ஏழைத் தெருக்களிலும் அரசின் மலிவு விலை ரொட்டி பெருமளவில் வீணாக்கப்படுகிறது. குப்பைத் தொட்டிகளில் தொங்கும் ரொட்டிப் பைகளே இதற்குச் சான்று." போதுமா?

— வெக்கமே இல்லாம எழுதியிருக்கேன் பாரு. நிசார், பை தொங்குச்சு. அது சான்று. ரொட்டி வீணாச்சு. இது முடிவு. அதுலேருந்து இதுக்கு எந்த வழியா வந்தோம்?

— வழி என்ன பெரிய வழி. குப்பைத் தொட்டில கிடந்தா குப்பைதான்.

— தொட்டிலயா கிடந்தது? தொட்டிக்கு வெளிய, கொக்கில, தனியா முடிச்சுப் போட்டுத் தொங்குச்சு. உங்க வீட்ல ரொட்டி கீழ விழுந்தா என்ன பண்ணுவீங்க?

— எடுத்து, முத்தம் குடுத்து, செவுத்து மேல வைப்போம். எல்லாரும் பண்றதுதானே.

— அதையேதான் அவங்களும் பண்றாங்க. குப்பையோட சேரக்கூடாது, வேணுங்கறவங்க எடுத்துட்டுப் போகட்டும்னு தனியாக் கட்டித் தொங்கவிடறாங்க. அத நாம வீணடிக்கறாங்கன்னு எழுதி வெச்சிருக்கோம். பிரான்ஸ்லேருந்து வந்த எவனாச்சும் எழுதியிருந்தா தெரியாம எழுதிட்டான்னு விட்டுடலாம். இங்கயே பொறந்து வளந்த நமக்கு என்னடா கேடு?

— இங்க பாரு, தெருவுல நின்னு கத்தாத. பைய யாரோ எடுத்துட்டுப் போறாங்கங்கற. ஆடு வளக்கறவங்க எடுப்பாங்க. மறுதரப்புன்னு கடைசில ரெண்டு வரி சேத்துடலாம். முடிஞ்சுது.

— நம்ம முடிவையே குப்புறத் தள்ளற விஷயத்தக் கொண்டுபோய்க் கடைசிப் பக்கத்துல பதுக்கச் சொல்றியா? விருந்தாளி வந்தா கட்டிலுக்கடியில தள்ற அழுக்குத் துணியா அது?

— மார்க்குக்கு எழுதற அறிக்கைடி இது. ஊரத் திருத்தறதுக்கு இல்ல. மேடம் ஒரு வார்த்தை சொன்னா ஆராய்ச்சி நிலையத்துல எனக்கு வேலை. உங்கப்பா மாதிரி எங்க வீட்ல சம்பளம் வாங்கறவங்க யாரும் இல்ல.

— எங்கப்பாவ எதுக்கு இழுக்கற? நான் சொல்றது மார்க்கோட நிக்கற விஷயம் இல்ல. மேடம் இத ரொட்டி விலைக் குழுவுக்கு அனுப்பப் போறாங்க. 'ஏழைங்களே தூக்கிப் போடறாங்க, அப்புறம் எதுக்கு மலிவு விலை'ன்னு காத்துட்டிருக்கறவனுக்கு நம்ம ரெண்டு வரி போதும். நாளைக்கே விலைய ஏத்துவான். கேட்டா, ரெண்டு மாணவர்கள் நேர்ல பாத்து எழுதினாங்கம்பான்.

— அப்ப என்னதான் பண்ணணுங்கற?

— முடிவ மாத்தணும். பை காலைல எங்க போகுதுன்னு எழுதணும். இன்னிக்கு விடிஞ்சும் விடியாம, நீ பை எண்ணின உங்க தெரு வழியாத்தான் பஸ்ஸுக்கு வந்தேன். ஒரு கொக்கிலயும் பை இல்ல. குப்பை வண்டி மத்தியானம்தான் வரும்.

— காத்து அடிச்சிருக்கும்.

— காத்து வந்து முடிச்ச அவுத்துச்சா? பை எண்ணினது நீ. 'மாலை முதல் விடியும் வரை நேரில் கவனித்தோம்'னு எழுதிக் குடுத்ததும் நீ. கவனிச்சியா இல்லயா?

— கவனிச்சேன்.

— விடியற வரைக்கும் நின்னியா?

— நின்னேங்கறேன்ல.

— நின்னவனுக்கு யார் எடுத்தாங்கன்னு தெரியாதா? பாத்ததுல பாதிய முழுங்கிட்டு மீதிய சான்றுன்னு நீட்டியிருக்க. அத நம்பி நான் பக்கம் பக்கமா வாதம் கட்டியிருக்கேன். இதுக்குப் பேரு பொய்டா. நீ இப்படின்னு தெரிஞ்சிருந்தா உன்கூட சேந்து எழுதவே வந்திருக்க மாட்டேன்.

— சரி, 'சிலர் எடுத்துச் செல்கின்றனர்'னு போட்டுக்கோ. விடு.

— 'சிலர்'னு போட்டா மேடம் சிவப்பு மையால கிழிச்சுடுவாங்க. யாரு எடுக்கறாங்க, எதுக்கு எடுக்கறாங்க, யார் சொல்லி நமக்குத் தெரியும்? வருஷம் பூரா இதத்தானே கேட்டாங்க. பேர் சொல்லு.

— பேர் வேணாம் ஷீராஸ். கெஞ்சிக் கேக்கறேன்.

— எவனோ ஒரு ஆட்டுக்காரன் பேரச் சொல்ல உனக்கு ஏன் இவ்ளோ தயக்கம்?

— ஆட்டுக்காரன் இல்ல. ஆடும் இல்ல ஒண்ணும் இல்ல. வீட்டுக்குக் கொண்டுபோய், பூசணம் பிடிச்சத சுரண்டிட்டு, வெயில்ல காய வெச்சு, கொண்டக்கடலைச் சாறுல பிச்சுப் போட்டுச் சாப்பிடறாங்க. ஒரு துண்டு வீணாகறதில்ல. தெரு முழிக்கறதுக்குள்ள எடுத்துடணும், யார் கண்ணுலயும் படக்கூடாது. அவ்ளோதான் அவங்களுக்கு.

— இவ்ளோ தெரிஞ்சு வெச்சுக்கிட்டா எழுதாம விட்ட? யாருடா அது?

— பேனாவ எடு. எழுதிக்கோ. மொஞ்சியா. எங்கம்மா.