பூஜைச் சக்கரம்

எனக்கு வெள்ளைச் சட்டை ராசியில்லை, ஐயா. காலையில் போட்டுக்கொண்டு போனால் பத்து மணிக்குள் கறுத்துவிடும். பாலிஷ் வேலை அப்படி. இன்றைக்குப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும் என்றதும் என் பெண்டாட்டி பாஞ்சாலி இதைத் துவைத்துக் கொடுத்தாள். எதற்குப் போகிறேன் என்று அவளிடம் சொல்லவில்லை.

என் பெயர் தாண்டவராயன். மண்ணூர்க்காரன். கிணற்றுக்கு வைக்கிற ஆயில் இஞ்சின் செய்யும் பட்டறையில், அது தொடங்கிய அறுபத்திரண்டிலிருந்து நான்தான் பாலிஷ்காரன். இஞ்சினின் பக்கத்தில் சுற்றுகிற பெரிய இரும்புச் சக்கரம் என் கைக்கு வரும்போது பலாப்பழத் தோல் மாதிரி இருக்கும். முதலில் முரட்டு உப்புத்தாள், பிறகு நைஸ் தாள், கடைசியில் பாலிஷ் சோப்பு தடவிய துணிச்சக்கரம். என் கையை விட்டுப் போகும்போது அதில் முகம் பார்த்து மீசை ஒதுக்கலாம். பெருமைக்குச் சொல்லவில்லை. ஒதுக்கியிருக்கிறார்கள்.

விரிசல் பார்த்து பாஸ் போடுகிறவன் பலராமன். சக்கரத்தில் மண்ணெண்ணெய் தடவி, துடைத்துவிட்டு, சாக்பீஸ் தூளைத் தூவுவான். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து தூளில் கோடு விழும். பாலிஷுக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்பது பட்டறை வழக்கம். என்னைவிட எட்டு வயது சின்னவன், அண்ணே என்றுதான் கூப்பிடுவான். நல்லவன். வாய்தான் கொஞ்சம் நீளம்.

ஆயுத பூஜை அன்று அந்த வருடத்தின் நல்ல சக்கரத்தை இஞ்சினில் பூட்டி, பொட்டு வைத்து, எல்லோர் முன்னாலும் ஓட்டிக் காட்டுவோம். பாஸ் போட்டவன்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். அவனே பக்கத்தில் நின்றால்தான் வாங்குகிறவனுக்கு நம்பிக்கை வரும் என்பார் முதலாளி. போன வருடம் என் சக்கரத்தில் பலராமன் ஒரு கீறலைக் கண்டுபிடித்துச் சாக்பீஸால் வட்டம் போட்டான். "இன்னாண்ணே, கோழி கெளர்ன மாதிரி கீது" என்றான். பட்டறையே சிரித்தது. அன்றிலிருந்து எனக்குக் கோழி என்று பெயர். குழாயடியில் பாஞ்சாலியைக் கோழி பெண்டாட்டி என்று கூப்பிட்டிருக்கிறார்கள். நான் கோபித்துக்கொள்ளவில்லை. மனதில் வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

இந்த வருடச் சக்கரத்துக்கு ஒன்பது நாள் உழைத்தேன். எட்டாம் நாள் மதியம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரம், அது ஸ்டாண்டிலிருந்து வழுக்கி விழுந்துவிட்டது. என் கையெல்லாம் சோப்பு. செயின் போட்டுத் தூக்கிப் பார்த்தேன். நடுவிலிருந்து விளிம்பு வரைக்கும் தலைமுடி போல ஒரு கோடு ஓடியிருந்தது. சொல்லியிருக்கலாம். சொன்னால் இந்த வருடமும் சாக்பீஸ் வட்டம், இந்த வருடமும் கோழி. மறுநாள் பூராவும் அந்தக் கோட்டின் மேல் மட்டும் துணிச்சக்கரத்தைப் பிடித்தேன். சூட்டில் இரும்பின் மேல்தோல் இழுபட்டுக் கோட்டை மூடும். மிச்ச இடுக்கைச் சோப்பு அடைத்துக்கொள்ளும். பதினாறு வருடத்தில் நான் செய்த நல்ல வேலை அதுதான்.

பூஜை அன்று காலையில் பலராமன் மண்ணெண்ணெய்த் துணியோடு வந்தான். தூள் தூவினால் கோடு விழுமா, விழாதா என்று எனக்கே தெரியாது.

"மூஞ்சி தெரியுது பாரு. இதும்மேலயா எண்ணெய தடவப் போற?" என்று கேட்டேன்.

குனிந்து பார்த்தான். தலைமுடியைச் சரிசெய்துகொண்டான். "போன வருசம் தமாசுக்குச் சொன்னேண்ணே. மனசுல வச்சிக்கினு இருக்காதே" என்றான். துணியை ஓரமாகப் போட்டுவிட்டு பாஸ் போட்டான். எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

அவன் ஸ்டார்ட் செய்தபோது நான் தூணுக்குப் பின்னால் இருந்தது தற்செயல் என்று முதல் நாள் விசாரணையில் எழுதிக் கொடுத்தேன். தற்செயல் இல்லை, ஐயா. கற்பூரம் காட்டியதுமே போய் நின்றுகொண்டேன். சக்கரம் வேகம் பிடித்து மின்னியது. எல்லோரும் கைதட்டினார்கள், என்னைத் தேடினார்கள். நிறுத்துடா என்று ஒரு வார்த்தை சொன்னால் நிறுத்தியிருப்பான். கைதட்டல் முடியட்டும் என்று இருந்தேன். முடிவதற்குள் சக்கரம் உடைந்து சிதறிவிட்டது. பலராமனின் பெண்டாட்டி செங்கமலம் அவன் காலை வைத்துத்தான் அடையாளம் சொன்னாள்.

இத்தனை நாள் கழித்து ஏன் வந்தேன் என்று கேட்பீர்கள். உங்கள் ரிப்போர்ட்தான் காரணம். கண்ணுக்கு நன்றாகத் தெரியக்கூடிய விரிசலைப் பலராமன் கவனிக்காமல் விட்டுவிட்டான் என்று அதில் இருக்கிறது. செங்கமலம் அந்தத் தாளை வைத்துக்கொண்டு வீடு வீடாக அழுகிறாள். என் வீட்டுக்கும் வந்தாள். பாவம், அவளுக்காகத்தான் வந்தேன்.

விரிசல் விழுந்தது தெரிந்து மூடினேன். அவன்தான் பக்கத்தில் நிற்பான் என்று தெரிந்து மூடினேன். மற்றதை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். கண்ணுக்கு நன்றாகத் தெரியக்கூடிய என்று போட்டிருக்கிறீர்களே, அதை மட்டும் அடித்துவிடுங்கள், ஐயா. என் கை பட்ட பிறகு அது யார் கண்ணுக்கும் தெரிந்திருக்காது.